வடநாட்டுக் கோடையும் நம் உடல்நலமும்

சித்திரை பாதியாகும் வரை தில்லி மாநகரம் நம்மை அவ்வளவாக அச்சுறுத்துவதில்லை. வேப்ப மரங்கள் பூத்திருக்கும். மாலையில் காற்று இதமாகவே வீசும். பிறகு ஒரு நாள் முற்பகலில் மேற்கிலிருந்து வேறொரு காற்று கிளம்புகிறது. எரியும் அடுப்பின் முன் குனிந்தாற்போல் அதன் அனல் முகத்தில் அடிக்கிறது. வடநாட்டார் அதற்கு 'லூ' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பாலை நிலத்தின் மீது காய்ந்து, தன் ஈரமனைத்தையும் இழந்து, பஞ்சாப் முதல் பீகார் வரையுள்ள சமவெளியெங்கும் வைகாசியிலும் ஆனியிலும் உலவும் காற்று அது.

தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பை நாடி வந்து, தில்லியிலும் நாகபுரியிலும் அகமதாபாத்திலும் குடியேறியிருக்கும் நாமும் வெயிலை அறியாதவர்கள் அல்லர். வேலூரிலும் திருச்சியிலும் அக்கினி நட்சத்திரத்தின் கொடுமையைப் பட்டவர்களே. ஆதலால், "நாம் பார்க்காத வெயிலா!" என்ற எண்ணத்துடனேயே இங்கு வந்து சேர்கிறோம். அந்த எண்ணமே நாம் செய்யும் முதற்பிழை.

நாம் தில்லிக்கு வந்த முதல் வைகாசியில் இப்பிழையைச் செய்தோம். நண்பகலில் குடையின்றி, காலையில் குடித்த காபியைத் தவிர வேறொன்றும் உட்கொள்ளாமல், அஞ்சலகம் வரை நடந்து திரும்பினோம். சட்டை நனையவில்லை, ஆகவே வியர்க்கவில்லை என்றே எண்ணினோம். வீட்டு மாடிப்படியில் கால் தடுமாறியது, தலை சுற்றியது, கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. கீழ்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி எம்மைக் கண்டு, "இங்கே வா, மகனே" என்று அழைத்துக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்தார். சுட்ட மாங்காயின் சதையைக் கரைத்து, வெல்லமும் சீரகமும் கறுப்பு உப்பும் கலந்து, பெரிய பித்தளைக் குவளை நிறையக் குடிக்கக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் நாம் எழுந்து உட்கார்ந்தோம். அப்போது அந்த அம்மையார், "உங்கள் ஊரில் வியர்வை கண்ணுக்குத் தெரியும், இங்கே அதை நீ பார்ப்பதற்கு முன்பே லூ குடித்துவிடும்" என்று சொன்னார்.

எழுத்தறியாத அந்த அம்மையார் ஒரு வாக்கியத்தில் கூறியதை அறிவியல் உலகம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முயன்றே தெளிவாக உணர்ந்தது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், கோடைக்குரிய நற்பழக்கங்கள் பாட்டிமார் சொல்லும் வழக்கமாக மட்டும் தோன்றாமல், காரணத்தோடு நம் மனத்தில் பதியும்.

முதலில் உடலின் இயல்பைக் கவனிப்போம். மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்போது உடல் தன் வெப்பத்தைக் காற்றிடம் விட்டுவிடுகிறது. காற்றே உடலைவிடச் சூடாகிவிட்டால், உடலுக்கு மிஞ்சியிருக்கும் வழி வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முற்றிலும் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்று ஈரம் மிகுந்தது, வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகிறது, உடல் கசகசக்கிறது, நாமும் தாகத்தை உணர்ந்து நீர் பருகுகிறோம். தில்லியின் வறண்ட காற்றிலோ வியர்வை சுரந்த கணமே ஆவியாகிவிடுகிறது. உடல் ஓரளவு குளிர்வது உண்மையே. ஆயினும் நீரும் உப்பும் நமக்குத் தெரியாமலே குறைந்துகொண்டு போகின்றன. தென்னாட்டார் இங்கு ஏமாறுவது இந்த இடத்திலேதான்.

நீர் ஆவியானால் குளிர்ச்சி பிறக்கும் என்ற உண்மையை இந்நாட்டு மக்கள் நெடுங்காலமாகவே அறிந்து பயன்படுத்தினார்கள். மண் கூசாவும் சுராகியும் அதற்குச் சான்று. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாக, உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. அக்பர் சக்கரவர்த்தியின் அவைப் புலவர் அபுல் பசல் தம் 'அயினி அக்பரி'யில், வெடியுப்பைக் கொண்டு குடிநீரைக் குளிர்வித்த முறையையும், 'கஸ்' என்னும் மணமுள்ள வேரால் குடில் அமைத்து, வெளிப்புறத்தில் நீர் தெளித்து, கோடையின் நடுவே குளிர்காலத்தை உண்டாக்கிய விதத்தையும் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கஸ் வேறொன்றுமன்று. நம் வெட்டிவேரே அது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்கு வழங்கும் பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதுதான். நம்மூரில் குடிநீர்ப் பானையிலும் கூந்தலிலும் இடம்பெற்ற வேர், வடநாட்டில் சுவராகவும் கதவாகவும் பயன்பட்டது. ஒவ்வொரு கோடையிலும் இங்குள்ள வீட்டுச் சன்னல்களில் இரைந்துகொண்டு சுழலும் 'கூலர்' பெட்டி அந்த வெட்டிவேர்த் தட்டியின் வாரிசே. ஈரம் மிகுந்த நம் கடற்கரை ஊர்களில் அந்தப் பெட்டி ஏன் அவ்வளவாகப் பயன்படுவதில்லை என்பதும் இப்போது விளங்கும். காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்திருந்தால் மேலும் நீர் ஆவியாக இடமில்லை.

ஆனால், குளிர்ச்சியை உண்டாக்கும் கலை தெரிந்திருப்பது வேறு. அது எல்லாருக்கும் கிடைப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கண்ணாற்கண்டு எழுதிவைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியர். ஔரங்கசீப் 1665ஆம் ஆண்டில் காஷ்மீரத்துக்குப் பயணமானபோது அவரும் அப்பெரும் படையோடு சென்றார். லாகூரைக் கடந்து மலையடிவாரத்தை நோக்கிச் செல்கையில் வெயில் பொறுக்க முடியாததாயிற்று. முகமும் கைகளும் தோலுரிந்ததையும், உடலெங்கும் ஊசியால் குத்தினாற்போன்ற செந்நிறக் கொப்புளங்கள் எழுந்ததையும் அவர் தம் கடிதங்களில் விவரிக்கிறார். அது நாம் நன்கறிந்த வேர்க்குருவே என்பதில் ஐயமில்லை. பொழுது சாயுமுன் தாமும் இறந்துவிடுவோமோ என்று அஞ்சிய அம்மருத்துவர், கைவசமிருந்த நான்கைந்து எலுமிச்சம்பழங்களையும், நீரில் கரைத்துச் சர்க்கரையிட்டுக் குடிக்க வைத்திருந்த சிறிது உலர்தயிரையுமே நம்பியிருந்தார். ஐரோப்பாவில் மருத்துவப் பட்டம் பெற்றவர், நெருக்கடி நேரத்தில் நம் வீட்டு மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் தேடினார் என்பது கவனிக்கத்தக்கது.

அதே கடிதத்தில் மற்றொரு செய்தியும் இருக்கிறது. கூடாரம் இல்லாத ஏழைக் குதிரைவீரன் ஒருவன் நிழலைத் தேடித் தவழ்ந்து சென்று, ஒரு மரத்தடியில் இறந்து கிடந்தானாம். பேரரசரும் அதே வெயிலில்தான் பயணம் செய்தார். அவருக்குக் கூடாரம் இருந்தது, அவனுக்கு இல்லை. பெர்னியர் இச்செய்தியை ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு மேலே செல்கிறார். நாம் அவ்வாறு கடந்து செல்லக்கூடாது. கோடைச் சாவுகளின் வரலாறு முழுவதிலும் அந்தக் குதிரைவீரனை மீண்டும் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிவேர்த் தட்டியோடு கூரையில் தொங்கும் பங்காவும் சேர்ந்துகொண்டது. உள்ளே துரை உறங்கினார்; வெளித் தாழ்வாரத்தின் அனலில் அமர்ந்து ஒருவன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்; தோற்பை சுமந்த பிஷ்தி தட்டியின் மேல் நீர் தெளித்தான். 1833ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஏரிப் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் கல்கத்தா வந்து சேர்ந்தது. பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் அனுப்பிய சரக்கு அது. சென்னைக் கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' என்று நாம் அழைக்கும் கட்டடம், அவ்வணிகத்துக்காக 1842ஆம் ஆண்டில் எழுந்த கிடங்கே. 1897ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கியதால் அது இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரோடு விளங்குகிறது. இந்நாட்டிலேயே பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்த பிறகு அந்தக் கடல் வணிகம் மறைந்தது.

வசதிகள் பெருகினவேயன்றி, வெயில் மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பது அக்காலத்து ஆங்கில மருத்துவருக்கு விளங்கவில்லை. சூரியக் கதிர்களே மண்டையோட்டையும் முதுகெலும்பையும் ஊடுருவி மூளையைத் தாக்குகின்றன என்று அவர்களுள் பலர் நம்பினார்கள். அந்நம்பிக்கையிலிருந்து பிறந்ததே 'சோலா தொப்பி'. தஞ்சாவூரில் அழகிய பொம்மைகளும் மாலைகளும் செய்யப் பயன்படும் அதே நெட்டியினால் செய்த தொப்பி அது. முதுகெலும்பைக் காப்பதற்கென்று கம்பளித் துணியால் திண்டு தைத்துச் சட்டையின் பின்புறத்தில் அணிந்தவர்களும் உண்டு. வியர்வை ஆவியாவதைத் தடுக்கும் கம்பளியை வெயிலுக்குக் காப்பாகக் கருதிய விந்தையை என்னென்பது! தலைக்கு நிழல் தருவது நல்லதுதான்; ஆனால், நிழலிலும் இரவிலும் வெப்பத் தாக்கினால் வீரர்கள் இறந்தார்கள் என்பதை அந்தக் கொள்கையால் விளக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தொப்பியின்றியே படைகள் வெப்ப நாடுகளில் போரிட்டதைக் கண்ட பிறகு அந்த நம்பிக்கை உதிர்ந்தது.

உண்மையை வெளிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு உடலியல் அறிஞர். இந்தியாவில் குடியேறி, 1961இல் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அறிவியலறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேனின் தந்தை அவர். சூரியனே நுழையாத ஆழ்ந்த சுரங்கங்களிலும் தொழிலாளர் வெப்பத்தால் வருந்துவதை அவர் ஆராய்ந்தார். தாமே சூடான அறைகளில் இருந்து சோதனைகள் செய்து, 1905ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். சாதாரண வெப்பமானி காட்டும் அளவைவிட, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவே முக்கியம் என்பது அவர் கண்ட உண்மை. அசைவற்ற காற்றில் இந்த ஈர அளவு ஏறத்தாழ 31 டிகிரியைத் தாண்டிவிட்டால், உழைக்காமல் சும்மா இருப்பவரின் உடல் வெப்பமும் ஏறத் தொடங்கிற்று. ஆக, கொல்வது கதிரின் மாயமன்று. உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற முடியாமற் போவதே என்பது உறுதியாயிற்று. ஆடி மாதத்தில் மழை தொடங்கி, வெப்பமானி 36, 37 என்று இறங்கிய பின்னும் வடநாட்டில் புழுக்கம் நம்மை வாட்டுவதன் காரணமும் இதுவே. அப்போதும் கோடைக்குரிய எச்சரிக்கையைக் கைவிடலாகாது.

சுரங்கங்கள் மற்றொரு பாடத்தையும் தந்தன. கடுமையாக வியர்த்த தொழிலாளர் வெறும் நீரை மிகுதியாகக் குடித்தபோது, அவர்களுடைய கால், வயிற்றுத் தசைகள் முறுக்கிக்கொண்டன. 1920களில் நடந்த ஆராய்ச்சிகள் காரணத்தைக் காட்டின. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. நீரை மட்டும் ஈடுசெய்தால் உடலிலுள்ள உப்பு மேலும் நீர்த்துப்போகிறது. குடிநீரில் சிறிது உப்பைச் சேர்த்ததும் முறுக்கம் தணிந்தது. மாங்காய்ப் பானகத்தில் கறுப்பு உப்பும், மோரில் உப்பும், எலுமிச்சைச் சாற்றில் உப்பும் ஏன் சேர்கின்றன என்பதற்கு அறிவியலார் கூறிய விடை இது. எமது கெண்டைக்காலுக்கும் அந்தக் கீழ்வீட்டு அம்மையாரின் குவளைக்கும் இருந்த தொடர்பும் அதுவே.

கோடையின் இரண்டாம் பகை வயிற்றுப்போக்கு. வெப்பத்தில் உணவு விரைவில் கெடுகிறது, ஈக்கள் பெருகுகின்றன, நீர் குறையும்போது மக்கள் கிடைத்த நீரைக் குடிக்கிறார்கள். இங்கும் நீரும் உப்புமே உயிரின் விலையாக இருந்தன. இதை முதலில் கண்டவர் வில்லியம் புரூக் ஓஷானசி என்னும் இளம் மருத்துவர். 1831–32இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, நோயாளிகளின் குருதியில் நீரும் உப்புகளும் குறைந்திருப்பதை அவர் காட்டினார். 1832ஆம் ஆண்டிலேயே தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் உப்புநீரை நரம்பின் வழியே செலுத்தினார். சாகக் கிடந்தவர்களுள் சிலர் எழுந்தார்கள். ஆயினும் மருத்துவ உலகம் அதை மறந்துவிட்டது. ஓஷானசி பின்னர் கல்கத்தாவுக்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து, இந்நாட்டின் தந்திப் போக்குவரத்தை அமைத்தவராகப் புகழ்பெற்றார். அவருடைய பழைய உண்மை மட்டும் கிடப்பில் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெனார்டு ராஜர்ஸ் என்பவர் அதே கல்கத்தாவில் உப்புநீர்ச் சிகிச்சையைத் திருத்தி மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். காலராச் சாவுகள் பெரிதும் குறைந்தன.

ஆனால், நரம்பில் செலுத்த ஊசியும், தூய நீரும், தேர்ந்த கையும் வேண்டும். கூடாரமில்லாதவனுக்கு அவை எங்கே கிடைக்கும்? வாய்வழியே கொடுக்க இயலாதா என்ற கேள்விக்குக் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953ஆம் ஆண்டில் விடை கூறினார். உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை 186 நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்துக் குணமாக்கியதை அவர் வெளியிட்டார். உப்பைத் தனியே கொடுத்தால் நோயுற்ற குடல் அதை ஏற்பதில்லை. குளுக்கோசு உடன் சென்றால் அது உப்பையும், உப்பு நீரையும் உள்ளே அழைத்துச் செல்கிறது. குடலின் இந்த இயல்பு 1960களில் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. 1968இல் டாக்கா நகரில் நடந்த சோதனைகள் அதை நோயாளிகளிடமும் உறுதிப்படுத்தின.

அடுத்து வந்தது 1971ஆம் ஆண்டு. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். வங்காளத்தின் பன்காவ் ஊர் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் நிறைந்து கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. அப்போது டாக்டர் திலீப் மகாலானாபிஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கலந்து, பெரிய பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளிகளின் தாய்மாரும் உடன்பிறந்தாருமே குவளையில் பிடித்துக் குடிப்பாட்டினார்கள். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கிற்று. கலக்கும் முறையைத் துண்டுப் பிரசுரங்களாக அச்சிட்டு எல்லையோரங்களில் வழங்கினார்கள். வங்க விடுதலைப் போராளிகளின் மறைவு வானொலியும் அதை ஒலிபரப்பியது. உலக சுகாதார நிறுவனம் அம்முறையை ஏற்று நாடெங்கும் பரப்பிற்று. கோடிக்கணக்கான குழந்தைகள் இதனால் பிழைத்தார்கள். 2022ஆம் ஆண்டில் மறைந்த மகாலானாபிசுக்கு 2023இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. மருந்துக்கடையில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் வரலாறு இது.

இவ்வளவு அறிந்த பின்னும் கோடைச் சாவுகள் நிற்கவில்லை. 1998ஆம் ஆண்டில் ஒடிசாவில் வெப்ப அலையால் 2,042 பேர் இறந்தார்கள். பின்னர் அம்மாநில அரசாங்கம் வெயிலையும் புயலைப் போன்ற பேரிடராகவே கருதி, பள்ளி நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றும் ஏற்பாடுகளைச் செய்தது. 2010ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டிற்று. அந்த ஒரு மாதத்தில், வழக்கமாக நிகழக்கூடியதைவிட 1,344 இறப்புகள் மிகுதியாக நேர்ந்தன என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். இறந்தவர்களின் சான்றிதழில் 'வெயில்' என்று எழுதுவது அரிது. இதயம் நின்றது, சிறுநீரகம் பழுதானது என்றே எழுதுவார்கள். ஆகையால் வெயில் தன் கையெழுத்தை மறைத்துக்கொண்டே கொல்கிறது.

தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழும் மணிநகர் அந்த அகமதாபாத்தில்தான் இருக்கிறது. பஞ்சாலை வேலைக்காகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு மிகுதி. எனவே, அந்நகரம் கற்ற பாடத்தில் நமக்கும் பங்குண்டு. 2013ஆம் ஆண்டில் அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகரிலுள்ள பொதுச் சுகாதாரக் கழகத்தாரோடும் பிறரோடும் சேர்ந்து, தெற்காசியாவிலேயே முதலாவதான வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் ஓர் எச்சரிக்கை. 43ஐத் தாண்டினால் அதனினும் கடுமையானது. 45ஐ எட்டினால் சிவப்பு எச்சரிக்கை. பூங்காக்களை நண்பகலிலும் திறந்துவைத்தல், தண்ணீர்ப் பந்தல் அமைத்தல், குடிசைக் கூரைகளுக்கு வெள்ளையடித்தல், மருத்துவமனைகளில் பனிக்கட்டியை ஆயத்தமாக வைத்தல் என்று எளிய செயல்களே அதில் இடம்பெற்றன. ஒரு பொது மருத்துவமனையில் மேல்மாடியிலிருந்த பிரசவப் பகுதியைத் தரைத்தளத்துக்கு மாற்றியதும், வெப்பத்தால் நலிந்த பச்சிளங் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. திட்டம் வந்த பின் ஆண்டுக்குச் சராசரி 1,190 உயிர்கள் காக்கப்பட்டன என்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி மதிப்பிட்டது. வெயிலைக் குறைக்க எவராலும் இயலவில்லை, நிழலைக் கூட்டினார்கள். அது போதுமானதாயிற்று.

இனி, நாம் வீட்டில் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். வானிலைத் துறையின் கணக்குப்படி, சமவெளிகளில் வெப்பம் 40 டிகிரியை எட்டி, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடினால் அது வெப்ப அலை. அத்தகைய நாட்களில் நண்பகல் 12 மணி முதல் 3 அல்லது 4 மணி வரை வெளியில் அலைவதைத் தவிர்க்க வேண்டும். செல்லத்தான் வேண்டுமெனில், வடநாட்டார் செய்வதுபோல் தலையையும் காதையும் ஈரமான பருத்தித் துணியால் மூடிக்கொண்டு, வயிற்றில் ஏதேனும் உணவோடும், கையில் நீரோடும் செல்லலாம். தாகத்துக்குக் காத்திராமல் சிறிது சிறிதாகப் பருகுவது நலம். சிறுநீர் கலங்கி மஞ்சளித்தால் நீர் போதவில்லை என்பது பொருள். நீர்மோர், பானகம், எலுமிச்சைச் சாறு ஆகிய நம் பானங்கள் இங்கும் உதவும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் நோயுள்ளவர்கள் மட்டும் உப்பையும் நீரையும் எவ்வளவு கூட்டலாம் என்று மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும். வேர்க்குரு வந்தால் குளிர்ந்த நீரில் குளித்து, மெல்லிய பருத்தியாடை அணிந்து, தோலைக் காற்றாட விட்டாலே பெரும்பாலும் தணியும். எண்ணெய்ப் பசையுள்ள களிம்புகள் வியர்வைத் துளைகளை மேலும் அடைக்கும். காற்றே உடலைவிடச் சூடாக இருக்கும்போது மின்விசிறியை மட்டும் நம்பியிராமல் உடலையும் நனைத்துக்கொள்ள வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவுத் தூய நீரில் கரைத்து, ஒரு நாளுக்குள் பயன்படுத்தலாம். பொட்டலம் இல்லையேல், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுந்தால் தீங்கு விளையும். ஆதலின் அளவில் கவனம் தேவை. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெப்பச் சோர்வுக்கும் வெப்பத் தாக்குக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தலைசுற்றல், குமட்டல், மிகுந்த வியர்வை, தசை முறுக்கம் ஆகியவை சோர்வின் அறிகுறிகள். நிழலும் ஓய்வும் உப்புச் சேர்ந்த நீரும் போதும். ஆனால், ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, வலிப்புக் கண்டாலோ, நினைவிழந்தாலோ, உடல் நெருப்பாய்க் காய்ந்தாலோ அது வெப்பத் தாக்கு. மக்கள் 'சன் ஸ்ட்ரோக்' என்பது அதனையே. தோல் வறண்டிருக்கும் என்ற கட்டாயமில்லை. வெயிலில் உழைத்தவருக்கு வியர்வையும் இருக்கலாம். உடனே 108க்குச் சொல்லியனுப்பிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரை ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டியை வைக்கலாம். நினைவில்லாதவரின் வாயில் நீர் ஊற்றக்கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. நிமிடங்கள் கழியக் கழிய மூளையும் சிறுநீரகமும் கெடுகின்றன என்பதை நினைவிற் கொள்க.

இவையெல்லாம் நம் வீட்டாருக்கு. அடுத்தவருக்கு என்ன செய்யப்போகிறோம்? திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வடநாட்டிலும் தெருமுனைகளில் பானை வைத்து வழிப்போக்கருக்கு நீர் வார்க்கும் 'பியாவு' என்ற வழக்கம் இருக்கிறது. நம் குடியிருப்பு வாயிலில் நிற்கும் காவலாளி, மரத்தடியில் துணிக்குப் பெட்டி போடுபவர், கட்டட வேலைக்கு வந்திருக்கும் பெண்கள், மகன் வேலைக்குச் சென்றபின் தகரக்கூரை அறையில் தனித்திருக்கும் முதியவர் ஆகியோர் அனைவரும் நண்பகலில் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவர அதிக நேரம் ஆகாது. வாயிலில் ஒரு பானை நீரும், அதன் மேல் ஒரு தட்டியும், தலைவலிக்கிறது என்பவரை உள்ளே அழைத்து உட்காரவைக்கும் மனமும் இருந்தால் போதும். எம்மைக் கட்டிலில் கிடத்திய அந்த மூதாட்டிக்கு எம் மொழி தெரியாது. எம் ஊரும் தெரியாது. மாடிப்படியில் ஒருவன் தடுமாறுவதைக் கண்டார், அழைத்தார். 1665ஆம் ஆண்டில் அந்தக் குதிரைவீரன் தவழ்ந்து சென்றபோது அவனை அவ்வாறு அழைக்க எவரும் இல்லை.